முரசும் அலரும்: பல்கலைக்கழகச் செய்தியும் ஊர் வாழ்வும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய அமைப்புக்குச் சிறிய காலமன்று. தொடக்க ஊக்கம் மூன்றாம் ஆண்டில் தளர்வதும், ஐந்தாம் ஆண்டில் வருகைப் பதிவேடு மெலிவதும், அதன்பின் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சுவதும் சிற்றூர் அமைப்புகள் பலவற்றின் வரலாறு. அவ்வரலாற்றைக் கடந்து, ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் உரிய இவ்வட்டாரத்தில், வன்னியம்பட்டி என்னும் சிற்றூரின் பெயரைத் தமிழோடு சேர்த்துச் சொல்ல வைத்த இவ்வட்டம் பாராட்டுக்கு உரியது.

‘பல்கலைக்கழகச் செய்தியும் ஊர் வாழ்வும்’ என்பது இவ்வுரைக்கு அமைந்த பொருள். கவிஞர்கள் கூடிய அவையில் பல்கலைக்கழகச் செய்திக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழலாம். செய்தி என்பதும் சொல்லின் வினையே. யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், கேட்டவர் மறுமொழி கூற இடமுண்டா என்பவை கவிதைக்குரிய வினாக்கள்; பல்கலைக்கழகத்துக்கும் அவை பொருந்தும். ஒரு பல்கலைக்கழகம் தன் ஊரோடு சேர்ந்து வாழ்கின்றதா என்பதை, அதன் செய்தியில் ஊரார் பேசுகின்றனரா என்பதைக் கொண்டு அறியலாம் என்பதே இவ்வுரையின் கருத்து.

ஊரருகே வந்த பல்கலைக்கழகம்

இவ்வட்டாரத்தில் கற்றோர் கூடும் இடம் புதியதன்று. திருவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875இல் தோன்றியது. பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே மேசையில் நாளிதழ் விரித்துப் படிக்கும் நாகரிகத்தை அது இவ்வூர்க்குக் கற்பித்தது. பல்கலைக்கழகமோ நெடுங்காலம் தொலைவிலேயே இருந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் நிறுவப்பட்டு, 1978இல் காமராசர் பெயரைத் தாங்கியபோதும், இப்பகுதி மக்களுக்கு அது வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் வரும் ஒரு முகவரியாகவே விளங்கியது. 1971இல் அது தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி அம்முகவரியை வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தது. பணியில் இருந்த ஆசிரியர்களும், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர விரும்பிய பெண்களும் அஞ்சல்காரர் கொண்டுவந்த பாடக்கட்டுகளின் வழியே பட்டம் பெற்றனர்.

1984இல் திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் விடுதலைப் போராட்ட வீரர் தி. கலசலிங்கம் நிறுவிய பொறியியல் கல்லூரி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. முகவரியாக இருந்த பல்கலைக்கழகம் கட்டடமாக, பேருந்து நிறுத்தமாக, தேநீர்க் கடைகளாக, வாடகை அறைகளாக ஊரருகே வந்து சேர்ந்தது. பல மாநிலத்து மாணவர் பேசும் மொழிகள் இச்சாலையில் ஒலிக்கத் தொடங்கின. இவ்வருகாமை உறவாகவும் ஆகலாம். வெறும் அண்மையாக நின்றும் போகலாம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளங்கிக்கொள்ளப் பழந்தமிழ் இலக்கியமே துணை செய்கிறது.

முரசும் அலரும்

தமிழ் மரபு செய்தியை இரு வகையாகக் கண்டது. ஒன்று முரசு. மணிமேகலையின் விழாவறை காதை இதற்குச் சிறந்த சான்று. புகார் நகரில் இந்திர விழா நடைபெறவிருப்பதை, முரசறையும் முதுகுடியைச் சார்ந்தவன் யானையின் பிடரியில் வீற்றிருந்து அறிவிக்கின்றான். அவ்வறிவிப்பின் உள்ளடக்கம் நோக்கத்தக்கது. தெருக்களை அணிசெய்க என்கின்றான். புதுமணல் பரப்புக என்கின்றான். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடுக என்கின்றான். பகைவரோடும் பூசல் தவிர்த்து விலகிச் செல்க என்கின்றான். நகர்த் தூய்மையும் அறிஞர் வாதமும் மக்கள் நல்லிணக்கமும் ஒரே அறிவிப்பில் அடங்கியுள்ளன. கற்றோர் கூடும் மண்டபம் ஊர் விழாவின் ஓர் உறுப்பாகவே அங்கே கருதப்பட்டது. எனினும் முரசு மேலிருந்து கீழ்நோக்கி ஒலிப்பது. யானை மேல் இருப்பவனுக்குத் தெருவில் நிற்பவர் மறுமொழி கூறுவதில்லை.

மற்றொன்று அலர். தொல்காப்பியம் அகத்திணையில் அம்பல் என்றும் அலர் என்றும் இரண்டைச் சுட்டும். சொல் வெளிப்படாது முகிழ்ப்பது அம்பல். வெளிப்பட்டுப் பரவுவது அலர். அரும்பும் மலரும் போல என்று உரைகாரர் விளக்குவர். அலர் ஊர்ப் பெண்டிரிடையே, நீர்த்துறையில், தெருவில் பிறக்கின்றது. அதற்கு ஆணை இல்லை, கையொப்பம் இல்லை. அது தலைவியை வருத்துவது. உண்மையைப் பொய்யோடு கலப்பது. ஆயினும் மறைந்திருப்பதை வெளிக்கொணர்ந்து வரைவு நோக்கித் தலைவனை உந்துவதும் அதுவே. அலர் தூற்றுவோரைக் கடிந்த சங்கப் புலவர்கள், அலரின் ஆற்றலை மறுத்தாரில்லை.

இன்றைய பல்கலைக்கழகங்களில் இவ்விரண்டும் உள்ளன. சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை, நாளிதழ்க்கு அனுப்பும் செய்திக் குறிப்பு, பட்டமளிப்பு விழா மலர் ஆகியவை முரசு. விடுதி உணவுக்கூடத்தில், பேருந்தின் பின்னிருக்கையில், வளாக வாயிலின் தேநீர்க் கடையில் உலவுவது அலர். முரசு ஓங்கி ஒலித்துக் கேள்விக்கு இடம் தராத இடத்தில் அலர் மிகும். தேர்வு ஏன் தள்ளிப்போனது, கட்டணம் ஏன் உயர்ந்தது, ஒரு மாணவி ஏன் படிப்பை நிறுத்தினாள் என்னும் வினாக்களுக்குப் பலகையில் விடை இல்லையெனில், விடை தேநீர்க் கடையில் பிறக்கும். பிறந்த விடை பெரும்பாலும் எளியோரையே, சிறப்பாகப் பெண்களையே, சுடும்.

வாசலில் நின்ற அழைப்பு

முரசுக்கும் அலருக்கும் அப்பால் மூன்றாவது வழி உண்டா? உண்டு. அதனைக் காட்டியவர் இதே திருவில்லிபுத்தூர் ஈன்ற ஆண்டாள்.

திருப்பாவையைப் பத்தி நூலாகப் போற்றுவது மரபு. அதன் அமைப்பைச் சமூக நோக்கிலும் காணலாம். நோன்புக்குச் செல்லும் பெண்கள், தாம் விழித்துவிட்டோம் என்று தாமே சென்றுவிடவில்லை. ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பாசுரங்களில் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்று உறங்குபவளை அழைக்கின்றனர். பறவை கூவியதும், சங்கு முழங்கியதும், தயிர் கடையும் ஓசை எழுந்ததும் அவ்வழைப்பில் செய்திகளாகச் சொல்லப்படுகின்றன. பதினைந்தாம் பாசுரமோ உரையாடல். வெளியே நிற்பவள் ஒன்று சொல்ல, உள்ளே இருப்பவள் மறுத்துப் பேசுகின்றாள். அம்மறுப்பும் பாடலில் இடம்பெறுகின்றது. அழைத்தவர் குரலும் அழைக்கப்பட்டவர் குரலும் ஒரே பாட்டில் சம உரிமையுடன் நிற்கின்றன.

யானை மேலிருந்து அறிவிப்பதற்கும் வாயிலில் நின்று அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. வாயிலில் நிற்பவர் மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். அது கடுமொழியாயினும் கேட்க வேண்டும்.

எழுவாய் யார்?

பல்கலைக்கழகங்கள் ஊருக்குச் செல்லாமல் இல்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24இல், காந்தியடிகள் நூற்றாண்டு விழாக் காலத்தில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. அதன் முகாம்களில் தங்கித் தெரு தூய்மை செய்த மாணவரும், மரக்கன்று நட்ட மாணவரும், மருத்துவ முகாமில் உதவிய மாணவரும் எண்ணற்றோர். ஊரை முதன்முதலாகக் கண்ட நகர மாணவர் பலருக்கு அம்முகாமே வாழ்வின் திருப்பமாகவும் அமைந்ததுண்டு. அப்பணியைக் குறைத்துக் கூறுவது நன்றன்று.

ஆயினும் அம்முகாம்கள் பற்றி வெளிவரும் செய்தியின் தொடரமைப்பை ஓர் இலக்கண மாணவர் ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். ‘மாணவர்கள் கிராமத்தைத் தூய்மை செய்தனர்.’ ‘பேராசிரியர்கள் மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினர்.’ இத்தொடர்களில் எழுவாய் எப்போதும் பல்கலைக்கழகம். ஊர் இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாகிறது. மக்கள் நான்காம் வேற்றுமை ஏற்றுக் கொள்வோர் ஆகின்றனர். ‘ஊரார் மாணவர்க்குக் கற்பித்தனர்’ என்னும் தொடர் அரிதாகவே அச்சேறுகின்றது. முகாமில் ஒரு மூதாட்டி மழைக்குறி பற்றிச் சொன்ன சொல்லும், கண்மாய் மடை திறக்கும் முறையைப் பற்றி ஒரு முதியவர் விளக்கியதும் அறிக்கையில் இடம்பெறுவதில்லை. அவை மாணவர் நினைவில் சில காலம் தங்கி, பின் மறைகின்றன.

ஊரை எழுவாயாக்கிய முயற்சிகளும் உண்டு. 1956இல் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் நிறுவிய ஊரக உயர்கல்வி நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய இரண்டோடு ஊர்ப்பணியையும் அது மூன்றாம் கடமையாகக் கொண்டது.

கடல் கடந்த சான்று ஒன்று கலைஞர்க்கு மேலும் சுவையானது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை மாணவர்க்குப் பயிற்றுவிக்க முனைந்தார். மட்டக்களப்புக் கூத்து மரபைக் கற்பிக்க அண்ணாவியார் வளாகம் வந்தார். பேராசிரியர்கள் அமர்ந்து பார்க்க, ஊர்க்கலைஞர் ஆசானாக நின்றார். கர்ணன் போர், இராவணேசன் ஆகிய கூத்துகள் அங்கே உருப்பெற்றன. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகவும் அரங்க அறிஞராகவும் புகழ்பெற்றார். கல்லாதோர் கலை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று அதனால் படித்தோர் மதிப்பைப் பெற்றது.

இம்முயற்சியிலும் ஒரு சிக்கல் இருந்தது. விடிய விடிய வட்டக் களரியில் ஆடப்பட்ட கூத்து, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்காகச் சில மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. கலை வளாகம் வந்தது; களரியும் ஊராரும் வெளியே நின்றனர் என்னும் விமர்சனம் பின்னர் எழுந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் ஊரார் களரியிலேயே, ஊராரோடு கலந்துரையாடி மேற்கொண்ட ‘கூத்து மீளுருவாக்கம்’ அவ்விமர்சனத்துக்குச் செயல்வடிவான விடையாக அமைந்தது. வித்தியானந்தன் முயற்சி ஊர்க் குரலை வளாகத்துக்கு அழைத்தது. சீலாமுனை முயற்சி வளாகத்தை ஊர்க் களரிக்கு அனுப்பியது. இரண்டும் தேவையானவையே. இரண்டாவதில்தான் ஊரார் தம் கலையைப் பற்றித் தாமே முடிவெடுத்தனர்.

வளாகத்திலிருந்து ஒரு வானொலி

செய்தித் துறையில் இத்தகைய முயற்சி தமிழகத்திலேயே நிகழ்ந்தது. அதுவும் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது என்பது தமிழ்த் துறையினர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

1995 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்று ஒரு தீர்ப்பில் கூறியது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பற்றிய வழக்கு அது. விளையாட்டைப் பற்றிய வழக்கில் பிறந்த இத்தொடர், குரலற்றோர் பலருக்குக் கதவு திறந்தது. அதுவரை இந்திய மண்ணில் வானொலி என்றால் அரசு வானொலி என்பதே நிலை. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என நடுவண் அரசு இசைவளித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ‘அண்ணா எஃப்.எம்.’ தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே.

அதன் ஒலி சில கிலோமீட்டர் தொலைவே செல்வது. உலகம் முழுவதும் பரவுவதையே பெருமையாகக் கருதும் காலத்தில், சில கிலோமீட்டருக்குள் நிற்கும் ஒலி சிறுமையாகத் தோன்றலாம். அவ்வெல்லையே அதன் சிறப்பு. அவ்வெல்லைக்குள் வளாகத்தின் மாணவர் விடுதியும் உண்டு. கோட்டூர்புரம் பகுதியின் குடிசைப் பகுதிகளும் உண்டு. ஒரே மதிலின் இருபுறமும் பல ஆண்டுகள் வாழ்ந்து, ஒருவரையொருவர் அறியாதிருந்தோர் ஒரே அலைவரிசைக்குள் வந்தனர். நலவாழ்வு, சுற்றுச்சூழல், பெண்கள் முன்னேற்றம், அறிவியல் ஆகியவை நிகழ்ச்சிப் பொருள்களாயின. சுற்றுப்புறப் பெண்கள் நிகழ்ச்சிகளைக் கேட்டதோடு நில்லாது, அவற்றை ஆக்குவதிலும் பங்கேற்றனர்.

ஒரு பெண் ஒலிவாங்கியின் முன் அமரும்போது நிகழ்வது என்ன? முதலில் அவர் ‘நல்ல தமிழில்’ பேச முயல்வார். மேடைத் தமிழும் பாடநூல் தமிழும் நாவில் தடுக்கும். பின்னர், தம் தெருவில் பேசுவது போலவே பேசலாம் எனத் தெரிந்ததும் சொல் இயல்பாக வரும். குடிநீர் லாரி வரும் நேரம், குழந்தையின் வயிற்றுப்போக்கு, கணவனின் குடி, மகளின் படிப்பு ஆகியவை அவர்தம் சொல்லிலேயே வெளிவரும். பதிவு செய்ததைத் திரும்பக் கேட்கும்போது தம் குரலையே முதன்முறை கேட்கின்றார். அக்கணத்தில் அவர் செயப்படுபொருள் நிலையிலிருந்து எழுவாய் ஆகின்றார். பொறியியல் மாணவரும் அங்கே ஒன்றைக் கற்கின்றார். ஒலியின் அளவைச் சீர்செய்யத் தெரிந்த அவருக்கு, ஒருவர் பேச்சை இடைமறியாமல் கேட்பது புதிய பாடம்.

உலக வரலாற்றில் இதற்கு முன்னோடிகள் உண்டு. தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் சுட்டாடென்சா என்னும் மலையூரில் 1947இல் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் தொடங்கிய சிறு வானொலி, உழவர்க்கு எழுத்தறிவு புகட்டும் பெரும் இயக்கமாக வளர்ந்தது. 2006இல் இந்திய அரசு தொண்டு நிறுவனங்களுக்கும் இசைவு வழங்கிய பின்னர், 2008இல் தெலங்கானாவின் சாகிராபாத் பகுதியில் ஒடுக்கப்பட்ட சமூகத்து உழவர் பெண்கள் நடத்தும் ‘சங்கம் வானொலி’ எழுந்தது. அங்கே பல்கலைக்கழகமே தேவைப்படவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

சொல்லக்கூடாத செய்தி

2006ஆம் ஆண்டின் நெறிமுறைகள் இரண்டு நல்ல விதிகளைக் கொண்டிருந்தன. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியேனும் அவ்வட்டார மக்கள் பங்கேற்புடன் ஆக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. வட்டார மொழியும் வழக்கும் முன்னுரிமை பெற வேண்டும் என்பது மற்றொன்று. வட்டார வழக்குக்கு அரசாணை ஒன்று இடமளித்தது என்பது மொழியறிஞர் மகிழத்தக்க செய்தியாகும்.

அதே நெறிமுறைகளில், செய்தியும் நடப்பு நிகழ்வும் பற்றிய நிகழ்ச்சிகளை ஒலிபரப்பலாகாது என்னும் விதியும் இருந்தது. பின்னர், வானிலை, போக்குவரத்து, விழாக்கள், தேர்வு, தேர்வு முடிவு, மாணவர் சேர்க்கை, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்சாரம் முதலியன பற்றிய அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படா என விளக்கம் அளிக்கப்பட்டது. அதன்படி, நாளை குடிநீர் வாராது என்று சொல்லலாம். ஏன் வாராது, பத்து நாளாக ஏன் வரவில்லை, யார் பொறுப்பு என்று கேட்கத் தொடங்கினால், அது விலக்கப்பட்ட எல்லையை நெருங்கிவிடுகின்றது. தேர்வு முடிவு வெளிவந்ததைச் சொல்லலாம். அதன் தாமதத்தால் மேற்படிப்பு இழந்த மாணவியின் வினாவை எங்கே வைப்பது? முரசுக்கு இசைவு கிடைத்தது. அலர் வெளியே நிறுத்தப்பட்டது எனலாம்.

இவ்விதிக்கு ஒரு நியாயம் கூறப்படுவதுண்டு. கண்காணிப்பற்ற சிறு வானொலிகள் வதந்தியையும் வெறுப்பையும் பரப்பக்கூடும் என்பது அது. அவ்வச்சம் அடிப்படையற்றதென்று தள்ளிவிட இயலாது. கைப்பேசி வழியே பரவிய பொய்யால் உயிர்கள் பறிபோனதை 2018இல் தமிழகம் உட்பட நாடு முழுவதும் கண்டது. குழந்தை கடத்துவோர் என்னும் வதந்தியை நம்பிய கூட்டங்கள் அயலூர் மக்களை அடித்துக் கொன்றன. ஆனால் அவ்வதந்திகள் பொறுப்பேற்க ஆளற்ற அலர்கள். பெயரும் முகவரியும் ஆசிரியர் குழுவும் உடைய ஒரு வளாக வானொலி, அத்தகைய வேளையில் உண்மையை விரைந்து சொல்லும் வாய்ப்புடையது. நம்பத்தக்க குரலை அடக்குவதால் வதந்தி அடங்குவதில்லை.

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கதை, பாட்டு, நாடகம், நினைவுகூறல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஒரு கண்மாய் தூர்ந்த கதையை ஒரு கிழவி தன் இளமை நினைவாகச் சொன்னால், அது ‘செய்தி’ என்னும் வரையறைக்குள் அடங்காது. கேட்போர்க்கு அதனினும் ஆழ்ந்த செய்தியாக அமையும். செய்தியாளர் நிறுத்தப்படும் வாயிலில் கவிஞர் நுழைய முடியும். இலக்கியத்தின் பங்கு இங்கேதான் தொடங்குகின்றது.

செவி என்பது காது மட்டுமன்று

குரல், ஒலி, செவி என்று இதுவரை கூறப்பட்டது. கிருஷ்ணன்கோவில் வளாகம் இவ்விடத்தில் ஒரு திருத்தம் வழங்குகின்றது. செவித்திறன் குறைந்த மாணவர்க்கெனப் பொறியியல் படிப்பைத் தனித்திட்டமாக வகுத்து நடத்திய நிறுவனம் அது. செவித்திறன் குறைந்த பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டினாலே போதும் என்று பெற்றோர் எண்ணிய காலத்தில், பொறியியல் பட்டத்தை எட்டச் செய்த முயற்சி போற்றத்தக்கது.

இத்தகைய மாணவர் பயிலும் வளாகத்தில் முரசும் பயன்படாது, வானொலியும் பயன்படாது. அலர்கூட அவர்களைச் சென்று அடைவதில்லை. உணவு மேசையில் பத்துப் பேர் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கின்றனர் என அறியாது இருக்கும் தனிமை கொடிது. கேலிக்கு உள்ளாகின்றோமோ என்னும் ஐயம் அத்தனிமையோடு சேரும். அங்கே செய்தி என்பது ஒருவர் எதிரே வந்து நின்று, கையால், முகத்தால், எழுத்தால் சொல்வதாகும். வாயிலில் நிற்கும் அழைப்பு அங்கே உவமை நிலையைக் கடந்து அன்றாடத் தேவையாகின்றது. சைகை மொழியில் நான்கு சொற்களைக் கற்ற தேநீர்க் கடைக்காரர், அறிவிப்புப் பலகையில் தெளிவாக எழுதும் அலுவலர், விரிவுரையைக் குறிப்பெடுத்துப் பகிரும் சக மாணவர் ஆகியோரே அச்சமூகத்தை ஒன்றாகக் கட்டுவோர். எழுதப்பட்ட சொல்லுக்குரிய மதிப்பையும் அவ்வளாகம் உணர்த்துகின்றது. ஒலி எட்டாத இடத்தை எழுத்து எட்டும்.

இலக்கிய வட்டத்தின் பங்கு

எழுத்து என்றதும் விடுதிகளின் கையெழுத்து இதழ்கள் நினைவுக்கு வருகின்றன. அச்சு இதழ் ஏற்காத முதற்கவிதையை வண்ண மையில் எழுதி, தைத்து, அறை அறையாகச் சுற்றுக்கு விட்ட வழக்கம் ஒரு தலைமுறைக் கவிஞர்க்குத் தாய்வீடு. படிப்பு முடிந்ததும் அவ்விதழ்கள் பழைய தாள் கடைக்குச் சென்றன. 1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ விலையிலாக் கவிமடலாக வெளிவந்தபோது, அதன் கவிஞர் பலர் கல்லூரி ஆசிரியரும் மாணவருமாக இருந்தனர். வகுப்பறையிலிருந்து எழுந்த கவிதை தெருவின் செய்தியை ஏந்தியது. வளாகமும் ஊரும் சந்திக்கும் இடமாக ஒரு தாள் அமைய முடியும் என்பதற்கு அது சான்று.

இவ்வட்டம் தன் இரண்டாம் பத்தாண்டில் மேற்கொள்ளத்தக்க பணிகள் சில உள. அவை பெருஞ்செலவு வேண்டாதவை.

முதலாவது, ஒரு மாதத் தாள். ஒரு பக்கம் மாணவர் எழுதுவதாகவும், மறுபக்கம் ஊரார் சொல்ல மாணவர் எழுதுவதாகவும் அமையலாம். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்வோர் தறியின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்கள், திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் பதம் பார்க்கும் சொற்கள், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்து மக்கள் சாம்பல் அணிலைப் பற்றிச் சொல்லும் கதைகள் ஆகியவை எந்த அகராதியிலும் முழுமையாக இல்லை. சொன்னவர் பெயரும், சொன்ன நாளும், சொன்ன ஊரும், அவர் இசைவுடன், உடன் அச்சாக வேண்டும். எழுதியவர் பெயர் அடியில் இருக்கலாம். சொன்னவர் பெயர் தலைப்பில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, திருப்பிப் படித்துக் காட்டுதல். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன், சொன்னவரிடம் சென்று படித்துக் காட்டி, ‘இப்படித்தான் சொன்னீர்களா?’ என வினவுதல். அவர் ‘இல்லை’ என்றால் மாற்றுதல். ஆராய்ச்சி மாணவர் பலர் இப்படியைத் தவிர்த்துவிடுகின்றனர். தகவல் தந்தவர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வயதும் சாதியும் தொழிலுமாகச் சுருங்கிப்போகின்றார். ஆண்டாளின் பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளிருப்பவள் பெற்ற மறுமொழி உரிமை, இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தகவலாளருக்குக் கிட்டவில்லை என்பது தமிழாய்வுக்குப் பெருமை தருவதன்று.

மூன்றாவது, கவியரங்கின் அமைப்பை மாற்றுதல். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கவியரங்கைப் பல்கலைக்கழக அரங்கில் நடத்தி, ஊராரை முன்வரிசையில் அமர்த்தலாம். அடுத்த முறை ஊர்ச் சாவடியில் நடத்தி மாணவரை வரவழைக்கலாம். செவித்திறன் குறைந்த மாணவர் வரும் அரங்கில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்கட்டும். கவிதையைக் கைகள் மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல் வெறும் ஓசை, எந்தச் சொல் பொருளுடையது என்பது கவிஞர்க்கே விளங்கிவிடும்.

நான்காவது, பாதுகாத்தல். வட்டத்தின் அழைப்பிதழ்கள், கூட்டக் குறிப்புகள், வருகைப் பதிவேடுகள், பாடப்பட்ட கவிதைகளின் கையெழுத்துப் படிகள் ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கட்டி ஒரு பொது நூலகத்தில் சேர்த்தல் வேண்டும். ஒருநாள் ஓர் ஆய்வாளர் இவ்வட்டாரத்தின் சமூக வாழ்வை எழுத முற்படுவார். பட்டமளிப்பு விழா மலர்கள் அவருக்கு எளிதிற் கிட்டும். யார் யார் எந்த மழையில் நனைந்து கூட்டத்துக்கு வந்தனர், எந்தக் கவிதைக்கு எதிர்ப்பு எழுந்தது, எந்தப் பெண் முதன்முதலாக மேடையேறினாள் என்பவை வட்டத்தின் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தன் செய்திக் குறிப்பில் மாதம் ஒரு முறையேனும் ஊரை எழுவாயாகக் கொண்ட ஒரு தொடரை அது எழுதட்டும். அதற்கு மறுமொழி வந்தால், அது குறையாகவே இருப்பினும், அதனையும் அச்சிடட்டும்.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் தழைக்க வேண்டும். அடுத்த ஆண்டு மலரில், மேடையேறாத ஒருவராயினும் தம் சொல்லில் பேசிய பக்கம் ஒன்று இடம்பெற வேண்டும். அப்பக்கத்தை எழுதித் தர எந்தக் கவிஞர் எந்த வாயிலுக்குச் செல்வார் என்பதை இவ்விழா முடிவதற்குள் பொறுப்பாளர்கள் பட்டியலிட்டுவிடுவது நலம்.

வாழ்க தமிழ்! வளர்க இலக்கிய வட்டம்!